டொமஹாக்குக்குப் பழைய முறையில் காம்பு பொருத்துவது எப்படி?

கேள்வியின் சாரம் இதுதான்: 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் புழங்கிய டொமஹாக் என்னும் கைக்கோடரியை, இயன்றவரை அக்காலத்து முறையிலேயே மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். தலை வாங்கியாயிற்று. காம்பும் செதுக்கியாயிற்று. ஆனால் சில நாளிலேயே தலை ஆடத் தொடங்குகிறது. ஆப்பு அடிக்கலாமா, எப்பாக்சி ஊற்றலாமா, அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்?

ஆப்பும் வேண்டாம், பசையும் வேண்டாம். இந்த வகைத் தலை ஆப்பை நம்பிச் செய்யப்பட்டதன்று. காம்புத் துளையின் சரிவும் காம்பின் சரிவும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதாலேயே அது நிற்கிறது. தலை ஆடுகிறது என்றால் இரண்டு சரிவுகளும் ஒத்துப்போகவில்லை, அல்லது மரம் உலர்வதற்கு முன்பே பொருத்தப்பட்டுவிட்டது. பெரும்பாலும் இரண்டுமே சேர்ந்திருக்கும். பசை ஊற்றினால் பிழை மறையுமே தவிர நீங்காது, அடுத்த காம்பு மாற்றும்போது துளைக்குள் இறுகிய பசையைச் சுரண்டும் வேலையும் கூடுதலாக வந்து சேரும்.

தலையை நிமிர்த்திப் பிடித்துத் துளையை மேலிருந்தும் கீழிருந்தும் அளந்து பாருங்கள். மேல்வாய் கீழ்வாயைவிடச் சில மில்லிமீட்டர் அகலமாக இருக்கும். காம்பும் அவ்வாறே மேல்முனையில் பருத்து, பிடிக்கும் முனையை நோக்கி மெலிந்துகொண்டே வரும். மெலிந்த முனையைத் துளையின் மேல்வாய் வழியாக நுழைத்துக் கீழே இழுத்தால், பருத்த பகுதி துளைக்குள் வந்து சிக்கி நின்றுவிடும். நம் ஊர்க் குந்தாலிக்குக் காம்பு போடுவது போலத்தான். ஓங்கும்போது தலை வெளிநோக்கித் தள்ளப்படுகிறது; அந்தத் திசையில்தான் காம்பு பருத்துக்கொண்டு போகிறது. ஆகவே ஒவ்வொரு வீச்சும் பிடிப்பை இறுக்குகிறது. மரம் வெட்டுவதற்கென்றே செய்த கனத்த கோடரிகளின் கதை வேறு. அவற்றில் காம்பு கீழிருந்து ஏறும், மேல்முனையைப் பிளந்து ஆப்பு அடிக்கப்படும். இந்த இரண்டு முறைகளையும் குழப்பிக்கொண்டு, சரிவுத் துளையுள்ள தலையில் கீழிருந்து காம்பை ஏற்றி ஆப்பு அடித்தவர்களின் புகைப்படங்களை அடிக்கடி பார்க்கிறேன். அதுவும் சில காலம் நிற்கத்தான் செய்யும், ஆனால் அது டொமஹாக்கின் முறையன்று.

இந்த முறைக்குக் காரணம் காட்டு வாழ்க்கை. காம்பு முறிந்தால் அருகிலிருக்கும் இளமரம் ஒன்றை வெட்டிச் செதுக்கி, அன்றைக்கே ஒப்பேற்றலாம். துளைக்குள் சிக்கிய ஆப்பைத் தோண்டி எடுக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. காம்பின் பிடிக்கும் முனையை அடிமரம் ஒன்றில் தட்டினால் தலை கழன்றுவிடும். அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு தோலைச் சுரண்டலாம். எறிந்து பழகுபவர்களுக்கும் இதில் நன்மை உண்டு. குறி தவறிக் காம்பு பலகையில் மோதினால், பல வேளைகளில் தலை காம்பின் மீது வழுக்கி இறங்கிவிடுவதால் காம்பு முறியாமல் தப்புகிறது. 1775 ஜூலையில் அமெரிக்கக் காலனிகளின் காங்கிரஸ், குடிப்படை வீரர் ஒவ்வொருவரிடமும் வெட்டுவாள் அல்லது டொமஹாக் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தளவுக்கு அது எல்லாரும் வைத்திருந்த பொருள். காம்பு தேயும், முறியும், மாறும். தலைதான் நிலைக்கும் என்ற கணக்கில் அமைந்தது அது.

மரத்தைப் பொறுத்தவரை ஹிக்கரி, ஆஷ், மேப்பிள் ஆகிய மூன்றும் வரலாற்றுக்குப் பொருந்தும். அடியைத் தாங்குவதில் ஹிக்கரியை மிஞ்ச எதுவுமில்லை. ஆஷ் அதைவிடச் சற்று இலகு, நீளவாக்கில் நேராகப் பிளக்கும். அலை அலையாக ரேகை ஓடும் மேப்பிள் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ரேகை வளைந்து ஓடுவதால் அது மற்ற இரண்டையும் போல அடி தாங்காது. ஹிக்கரியும் ஆஷும் ஆண்டு வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகளை விட்டு வளரும் மரங்கள். வளையம் மிகவும் குறுகியிருந்தால் துளைகள் மிகுந்து, அடர்ந்த பகுதி குறைந்துவிடும். ஆகவே நெருக்கமான வளையமே உறுதி என்ற பொதுவான நம்பிக்கை இம்மரங்களுக்குப் பொருந்தாது. நன்றாகச் செழித்து வளர்ந்த மரமே இங்கே மேலானது. ஆஷ் கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2002இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகத ஆஷ் துளைப்பான் என்னும் ஆசிய வண்டு, அந்த மரத்தைப் பெருமளவில் அழித்துவருகிறது.

ரம்பத்தால் அறுத்த பலகையைவிட, அடிமரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து எடுத்த துண்டே சிறந்தது. ரம்பம் ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும்; பிளவோ நாரின் போக்கிலேயே ஓடும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் நார் ஓடும் காம்பு மெலிதாக இருந்தாலும் தாங்கும். பிளந்த துண்டை இருகைப்பிடிச் சீவுகத்தியால் உருவத்துக்குக் கொண்டுவந்து, கடைசியாகக் கண்ணாடிச் சில்லு அல்லது தகடு கொண்டு சுரண்டி முடிக்கலாம். முனையில் தெரியும் வளையக் கோடுகள் வெட்டுவாயின் போக்கிலேயே, முன்னிருந்து பின்னாக ஓடட்டும். பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளும் இந்த விதியைவிட, நீளவாக்கில் நார் நேராக ஓடுவதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

உலர்த்துவதில் அவசரம் கூடாது. ஷாக்பார்க் ஹிக்கரி பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்போது வளையத்தின் போக்கில் 10.5 சதவீதமும், ஆரத்தின் போக்கில் 7 சதவீதமும் சுருங்கும். வெள்ளை ஆஷுக்கு முறையே 7.8, 4.9 சதவீதம். வெளியில் கொட்டகையில் 12 சதவீத ஈரத்தில் இருந்த ஹிக்கரிக் காம்பு, குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீட்டுக்குள் 7 சதவீதத்துக்கு இறங்கினால், 30 மில்லிமீட்டர் தடிப்பில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் குறையும். நேரான துளையில் இது ஆட்டத்துக்குப் போதும். சரிவுத் துளையிலோ வேறொன்று நிகழ்கிறது. 45 மில்லிமீட்டர் உயரமுள்ள துளை மேலிருந்து கீழ் 3 மில்லிமீட்டர் குறுகுகிறது என்று வைத்துக்கொண்டால், அரை மில்லிமீட்டர் சுருக்கத்தை ஈடுசெய்யத் தலை 7 அல்லது 8 மில்லிமீட்டர் மேலே ஏறினால் போதும். பிடிப்பு பழையபடி வந்துவிடும். இதற்காகத்தான் காம்பின் மேல்முனையைத் தலையோடு மட்டமாக அறுத்துவிடாமல் ஒரு சென்டிமீட்டராவது நீட்டி விட வேண்டும். நீட்டிய அந்தப் பகுதியிலும் சரிவு தொடர வேண்டும். அழகுக்காக மட்டமாக அறுத்துவிட்டுப் பிறகு ஆடுகிறது என்று வருந்துவதே இத்தொழிலில் நான் மிகுதியாகக் காணும் குறை.

பொருத்தும் வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. முதலில் துளையின் உட்புறத்தை அரை வட்ட அரத்தால் தேய்த்து, வார்ப்பின் மேடுகளையும் பொருக்குகளையும் நீக்குங்கள். கடையில் விற்கும் வார்ப்புத் தலைகளில் துளையின் நடுவே ஒரு விளிம்பு நிற்பதுண்டு, காம்பு அதன் மேல் மட்டும் உட்கார்ந்து இறுகியது போல ஏமாற்றும். பிறகு மெழுகுவத்திச் சுடரில் துளையின் உட்சுவர் முழுவதும் கரி படியவிடுங்கள். காம்பை நுழைத்து, மேல்முனையை மரச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி கழற்றிப் பாருங்கள். எங்கெங்கு மரம் இரும்பைத் தொட்டதோ அங்கெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கும். தொடக்கத்தில் இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் பளபளவென்று கறுத்திருக்கும். அந்த இடங்களை மட்டும் கத்தி முனையால் நூலளவு சுரண்டிவிட்டு மறுபடி நுழையுங்கள். புள்ளிகள் பட்டைகளாகும், பட்டைகள் பரவும். மேல்வாயை ஒட்டி ஒரு முழு வளையமும், கீழ்வாயை ஒட்டி ஒரு முழு வளையமும் ஒரே சீராகக் கறுத்தால் பொருத்தம் அமைந்துவிட்டது. நடுப்பகுதி அங்கங்கே வெளுத்திருந்தால் பாதகமில்லை. ஆனால் மேலே மட்டும் கறுத்துக் கீழே வெளுத்திருந்தால், காம்பின் சரிவு துளையின் சரிவைவிட அதிகம் என்று பொருள். அப்படிப்பட்ட காம்பு ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் கீழ்ப்பகுதியில் அசையும். உங்கள் காம்பில் இதுதான் நடக்கிறது என்று ஊகிக்கிறேன். உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்த முயல வேண்டாம். அது மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்தே தேய்த்துவிடும்.

புகைக்குழாய் டொமஹாக் செய்ய விரும்பினால் ஒரு சிக்கல் கூடுகிறது. வெட்டுவாய்க்கு எதிர்ப்புறம் புகையிலைக் கிண்ணம் அமைந்த இந்த வகை, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரிசாகவும் அரசுறவுப் பொருளாகவும் பெரிதும் பரவியது. காம்பே புகைக்குழல். ஆஷ் கிளையின் நடுவே மென்மையான சோறு இருப்பதால், பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செலுத்தி அதை எரித்துத் துளை எடுத்தார்கள். காம்பை இரண்டாகப் பிளந்து, காடி எடுத்து, தோல் பசையால் ஒட்டிச் சேர்ப்பதும் உண்டு. கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு துளையும் காம்பின் குறுக்குத் துளையும் நேருக்கு நேர் வந்தால்தான் புகை இழுபடும். தலையோ, மேலே சொன்னபடி, மரம் சுருங்கச் சுருங்க மேலே ஏறும் இயல்புடையது. ஏறினால் துளைகள் விலகிவிடும். ஆகவே இந்தக் காம்பை மற்றவற்றைவிட நன்றாக உலர்த்தி, தலையைப் பொருத்திச் சில மாதங்கள் வைத்திருந்து, அது நிலைகொண்ட பிறகே குறுக்குத் துளையைப் போடுங்கள். பழைய பொருட்கள் சிலவற்றில் துளைக்கும் காம்புக்கும் இடையே மெல்லிய தோல் பட்டை ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அது புகை கசியாமலும் காம்பு உரசாமலும் காக்கும். பசையின் துணையில்லாமல் காற்றுப்புகாத பொருத்தம் பெற இதுவே வழி.

காம்பை மறுபடியும் செய்வது இன்றைய பொழுதுபோக்காளர்கள் தொடங்கிய பழக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. செனெகா இனத் தலைவர் கார்ன்பிளாண்டருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் 1792இல் அளித்ததாகக் கருதப்படும் புகைக்குழாய் டொமஹாக் நியூயார்க் மாநில அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை 1850 வாக்கில் செனெகா இனத்தவரான ஈலி பார்க்கர் தேடிப் பெற்று அருங்காட்சியகத்தில் சேர்த்தார். பின்னாளில் 1865இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், அப்பமாட்டக்ஸில் தென்தரப்புப் படையின் சரணடைவு நிபந்தனைகளைத் தம் கையால் எழுதியவர் அவரே. பார்க்கர் அந்தத் தலைக்கு, கார்ன்பிளாண்டர் காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று கருதினாரோ அப்படியே, அலைரேகை மேப்பிளில் வெள்ளி பதித்த புதுக் காம்பு ஒன்று செய்வித்தார். ஆக, இன்று அங்கே காணக்கூடிய காம்பு 19ஆம் நூற்றாண்டின் மீட்டுருவாக்கம். 1947க்கும் 1950க்கும் இடையே திருடுபோன அந்தப் பொருள் 2018இல்தான் திரும்பி வந்தது. அருங்காட்சியகப் படங்களைப் பார்த்து அளவெடுப்பவர்கள், தலையின் காலமும் காம்பின் காலமும் ஒன்றுதானா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். பல வேளைகளில் ஒன்றாக இருக்காது.

அளவுகளுக்கு எழுத்துச் சான்று தேடுபவர்களுக்கு, அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற குழுவின் தலைவர் மெரிவெதர் லூயிஸ் 1805 பிப்ரவரி 5 அன்று தம் நாட்குறிப்பில் எழுதியதைப் போல நம்பகமானது அரிது. மிசூரி ஆற்றங்கரையில் மாண்டன் கோட்டையில் குளிர்காலத்தைக் கழித்த அவரது குழுவின் கொல்லர்கள், மாண்டன் மக்களுக்குப் போர்க்கோடரிகள் அடித்துக் கொடுத்துச் சோளம் பெற்றார்கள். அந்தக் கோடரியின் அலகு மிக மெல்லியது. நீளம் 7 முதல் 9 அங்குலம், வெட்டுவாய் 4¾ முதல் 6 அங்குலம், துளை வட்டமாக ஏறத்தாழ ஓர் அங்குலம், காம்பு பெரும்பாலும் 14 அங்குலத்தை மீறாது, மொத்த எடை ஏறத்தாழ ஒரு பவுண்டு. இவ்வளவு நீண்ட அலகுக்கு இவ்வளவு குட்டையான காம்பு பொருந்தாது, அடி குறி தவறும், குதிரை மீதிருந்து வீசுவதற்கு இன்னும் இடைஞ்சல் என்று லூயிஸ் குறை கூறுகிறார். அவர் குறை சரியோ தவறோ, மாண்டன் மக்கள் விரும்பிக் கேட்டது அதைத்தான். அந்த வடிவத்தைச் செய்பவர், லூயிஸின் சொல்லைக் கேட்டுக் காம்பை நீட்டிவிடாமல் 14 அங்குலத்திலேயே நிறுத்துவதுதான் நேர்மை.

தலையையும் நீங்களே அடிக்க எண்ணினால், பழைய வணிகக் கோடரிகளின் முறை எளியது: இரும்புப் பட்டையை ஓர் அச்சுக்கோலின் மேல் மடித்து, இரண்டு நுனிகளையும் சேர்த்து, இடையே எஃகுத் துண்டு ஒன்றை வெட்டுவாய்க்காகச் செருகி, உலைச்சூட்டிலேயே பற்றவைப்பது. அன்று தேனிரும்பு, அதனுள் ஓடும் கசடு இழைகளால் அது எளிதில் ஒட்டியது. இன்று மென்எஃகோடு செய்பவர்களுக்கு வெண்காரம் கட்டாயம் வேண்டும். துளையின் சரிவைத் தீர்மானிப்பது அச்சுக்கோல்தான். அதே கோலை வைத்துக்கொண்டு காம்புக்கு மாதிரிப் பலகை ஒன்று வெட்டிக்கொண்டால், முன்னே சொன்ன கரி பூசும் வேலை பாதியாகக் குறையும். வெட்டுவாயை மட்டும் தோய்த்துப் பதமாக்குங்கள். துளையைச் சுற்றிய பகுதி மென்மையாகவே இருக்கட்டும், இல்லையேல் அங்கேதான் விரிசல் விடும்.

இரும்பு வருவதற்கு முந்தைய கல் கோடரிக்கும் இதே சிந்தனைதான் அடிப்படை. டயரைட், பசால்ட் போன்ற கடுங்கல்லைக் கொத்திக் கொத்தி உருவாக்கி, மணற்கல்லில் நீர்விட்டுத் தேய்த்துச் செய்த கோடரிகளில் இரண்டு வகைகளைப் பெரிதாகக் காண்கிறோம். பழையது பள்ளம் வெட்டிய வகை: கல்லைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் வளையும் கொம்பைச் சுற்றி வளைத்து, ஈரமான பச்சைத்தோலால் கட்டினால் தோல் காய்ந்து சுருங்கி இறுகும். மூன்று பக்கம் மட்டும் பள்ளமும் நான்காவது பக்கம் தட்டையுமாக இருந்தால், அந்தத் தட்டைப் பக்கத்தில் கொம்புக்கும் கல்லுக்கும் நடுவே ஆப்பு இறக்கலாம். ஆப்பு வேண்டும் என்பவர்களுக்கு உரிய இடம் அதுதான். பின்னர் பரவியது பள்ளமில்லாத வகை: பின்முனை கூம்பிய கல், பருத்த தலையுள்ள காம்பில் குடைந்த துளைக்குள் செருகப்படும். அடிக்க அடிக்கக் கல் துளைக்குள் இன்னும் ஆழமாக இறங்கி இறுகும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கல், துளையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும், அதாவது காம்பின் நார் ஓடும் திசையில் மட்டுமே அழுந்த வேண்டும். இரண்டு பக்கங்களிலும் கடுகளவு இடைவெளி வேண்டும். பக்கவாட்டில் அழுந்தினால் கல்லே ஆப்பாகிக் காம்பைப் பிளந்துவிடும். கல் கோடரி செய்து முதல் வாரத்திலேயே காம்பு பிளந்தது என்று சொல்பவர்கள் பக்கவாட்டு இடைவெளியைச் சரிபார்க்கட்டும்.

மரம் மண்ணில் மக்கிவிடுவதால் இதற்குச் சான்று எங்கே என்று கேட்கலாம். அலபாமாவின் மவுண்ட்வில், ஒக்லஹோமாவின் ஸ்பைரோ போன்ற, ஐரோப்பியர் வருகைக்கு முந்தைய மிசிசிப்பியப் பண்பாட்டு இடங்களில், காம்பும் அலகும் ஒரே கல்லில் செதுக்கிய சடங்குக் கோடரிகள் கிடைத்தன. காம்பின் பின்புறத்தில் கல்லின் பின்முனை எவ்வளவு நீட்டிக்கொண்டு நின்றது என்பதைக்கூட அவை காட்டுகின்றன. ஸ்பைரோவில் செம்புக் கோடரிகள் மரக்காம்போடே கிடைத்ததுண்டு. செம்பின் உப்பு மரத்தை அழுகவிடவில்லை. 1930களில் புதையல் தேடிகள் ஸ்பைரோவின் புதைமேட்டைக் குடைந்து சிதைத்தும் இவ்வளவு மிஞ்சியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோஹாக் மக்களிடையே வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் லஃபிட்டோ, உயிருள்ள இளமரத்தைப் பிளந்து கல்லைச் செருகி, மரம் வளர்ந்து கல்லைக் கவ்விய பின் வெட்டிக் காம்பாக்குவார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் தினசரிக் கருவிக்கு அத்தனை ஆண்டுகள் காத்திருந்திருப்பார்களா என்பது எனக்கு ஐயம்.

அலங்காரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆளிவிதை எண்ணெய் அல்லது விலங்குக் கொழுப்பு, தலைக்குக் கீழே பச்சைத்தோல் சுற்று, சூடேற்றிய அரத்தால் சுட்ட கோடுகள், பித்தளை ஆணிகள் ஆகிய எல்லாம் வரலாற்றுக்குப் பொருந்தும். மேப்பிளுக்குப் பென்சில்வேனியத் துப்பாக்கிக் கொல்லர்கள் பூசியது, இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலம். பூசி வெப்பம் காட்டினால் அலைரேகை செம்பழுப்பாக எழும்பும். அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். வெளியிடத்தில், கையுறையோடு மட்டுமே செய்யுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பற்றும். எண்ணெயைத் துளைக்குள் அமரும் பகுதியில் தடவ வேண்டாம். அங்கே வழுக்கல் நமக்கு எதிரி.

முடித்த பொருளின் தலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் பொறித்துவிடுங்கள். சில ஆண்டுகள் புழங்கித் துருவும் அழுக்கும் ஏறிய நல்ல மீட்டுருவாக்கம் பழம்பொருள் சந்தையில் அசலாக விற்கப்படுவது உண்டு. அமெரிக்காவில் விற்க எண்ணினால் இன்னொன்று: பழங்குடியினர் அல்லாதவர் செய்த பொருளைப் பழங்குடியினர் செய்ததாகச் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்கள் காம்பு இப்போது ஆடுகிறது என்றால், அதை எறிய வேண்டாம்; வெப்பமான அறையில் சில வாரங்கள் கிடத்தி வைத்துவிட்டுக் கரி பூசிப் பாருங்கள். மேல்முனையில் போதிய நீளம் மிச்சமிருந்தால் அதே காம்பே உதவும். ஏற்கெனவே மட்டமாக அறுத்திருந்தால் மட்டும் புதுக் காம்பு செதுக்க வேண்டியிருக்கும்.